இந்த மாசத்து ரெண்டு பேர்

கார்முகில் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு சாராயம் குடித்ததில்லை. ஆனால் மூன்று தடவை மூக்குமுட்டக் குடித்துவிட்டு, நடுரோட்டில் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் வாயில் வந்தபடி திட்டினான் என்று அரசாங்கத்திடம் எழுத்தில் இருக்கிறது. எழுதியது யாரோ அல்ல, போலீஸ். ஆமாங்க ஐயா, திட்டினேன் என்று கோர்ட்டில் கைகட்டி ஒப்புக்கொண்டதும் யாரோ அல்ல, கார்முகிலேதான். மூன்று தடவையும் அபராதத்தைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான்.

அவன் பெண்டாட்டி எழில்மதிக்கு இது தெரியும். முந்திரித்தோப்புக் காலனியில் இது தெரியாத ஆளே கிடையாது. மழை வந்தால் கூரை ஒழுகும், மாசக் கடைசி வந்தால் ரெண்டு பேர் ஸ்டேஷனுக்குப் போவார்கள், அவ்வளவுதான் என்று எல்லோரும் பழகிப்போயிருந்தார்கள். அந்தப் பழக்கம் தன் சோற்றிலேயே மண்ணைப் போடும் என்று எழில்மதி நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

கார்முகிலுக்குச் சுரங்கத்தில் வேலை. கரி ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டின் அடியில் சிந்துவதை அள்ளிப்போட்டுச் சுத்தம் செய்வது. பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட். அந்த ஐப்பசியில்தான் பழைய காண்ட்ராக்ட் ஆட்களில் அறுபது பேரை ரெகுலராக எடுக்கிறார்கள் என்று லிஸ்ட் ஒட்டினார்கள். கார்முகில் பெயர் நாற்பத்தொன்றாவது. கீழே ஒரே ஒரு நிபந்தனை. இருபது நாளுக்குள், தன் மேல் எந்தக் குற்ற வழக்கும் இல்லை என்று போலீஸ் சான்று வாங்கிவந்து கொடுக்க வேண்டும். எழில்மதி லிஸ்ட்டைப் போனில் படம் பிடித்து, அந்த நாற்பத்தொன்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுநாள் காலை இருவரும் குளித்து முழுகி ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

ஸ்டேஷன் ரைட்டர் விஜயராஜ் சிரித்த முகக்காரர். அதுதான் பின்னால் எழில்மதிக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அடிக்கிறவராகவோ அசிங்கமாகப் பேசுகிறவராகவோ இருந்திருந்தால் மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கலாம். இவரோ சீசனில் காலனிக்காரர்கள் பலாப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தால், "புள்ளைங்களுக்கு வச்சிட்டுக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அன்றைக்கும் இருவரையும் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கார்முகில் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு இருக்கேப்பா."

"என்னா ஐயா மூணு?" என்றாள் எழில்மதி.

"கேஸும்மா. மூணுலயும் தண்டனை ஆயிருக்கு. இத வச்சிகிட்டு எந்த வழக்கும் இல்லைன்னு நான் எப்படி எழுதிக் குடுக்கறது?"

எழில்மதி ஒரு கணம் அவர் விளையாடுகிறார் என்றே நினைத்தாள். "ஐயா, அது நீங்க ஆளு கேட்டு எங்க மாமா அனுப்பினதுதான? நீங்கதான எழுதினீங்க?"

விஜயராஜ் இன்ஸ்பெக்டர் அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் எழுதினேன். இல்லன்னு சொல்லல. நோட்டுல மட்டும் இருந்த காலமா இருந்தா ஏதாச்சும் பாத்துப் பண்ணலாம். இப்ப எல்லாம் ஆன்லைன். ஏத்தினா ஏத்தினதுதான், எடுக்க எனக்குப் பவர் இல்லம்மா. மனசு கேக்கல, ஆனா என்ன பண்றது?"

மனசு கேட்கவில்லையாம். கையெழுத்து வாங்கும்போது கேட்ட மனசு. எழில்மதிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கார்முகில் அவள் கையைத் தொட்டு, "வா போவலாம்" என்றான். வெளியே வந்து வண்டியை எடுத்தவன், ஏறு என்று சொல்லவும் மறந்து கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தான்.

இந்த 'முறை' எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் தொலைவில் இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

ஸ்டேஷன் என்று ஒன்று இருந்தால் மாசத்துக்கு இத்தனை பெட்டி கேஸ் காட்டியாக வேண்டுமாம். குடித்துவிட்டுத் தகராறு, பொது இடத்தில் கூச்சல் என்று அபராதத்தோடு முடிந்துபோகிற சில்லறை வழக்குகள்தான் பெட்டி கேஸ். மாசக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் ஜீப் கிளம்பும். சுரங்க அதிகாரிகள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் பக்கம் போகாது. அங்கே கேட்டுக்குக் கேட் பெயரும் பதவியும் எழுதித் தொங்குகிறது. டவுன்ஷிப்பின் அகல ரோடுகளை எல்லாம் அழகாகச் சுற்றிக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி, நேரே காலனிக்குத்தான் வரும். கண்ணில் பட்டவனை ஏற்றும். மறுநாள் கல்யாணம் என்று நலங்கு வைத்திருந்தவனை ஏற்றியிருக்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவனிடமிருந்து பிள்ளையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவனை ஏற்றியிருக்கிறது.

அப்போதுதான் கார்முகிலின் அப்பா வைத்திலிங்கம் ஒரு யோசனை செய்தார். லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிய மனிதர், ஆனால் நாலு பேர் நடுவில் நின்று பேசத் தெரிந்தவர். ஸ்டேஷனுக்குப் போய், "நீங்க வேட்டைக்கு வர மாதிரி வராதீங்க ஐயா. பொண்டு புள்ளைங்க பயப்படுது. மாசம் ரெண்டு பேரை நாங்களே அனுப்பறோம்" என்று கேட்டுக்கொண்டார். ஸ்டேஷனுக்கும் டீசல் மிச்சம். சரி என்றார்கள்.

அன்றிலிருந்து முறை. கோயிலுக்குக் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு முறை வைப்பது போல, கிழக்கு வரிசையில் தொடங்கி மாசத்துக்கு ரெண்டு வீடு. ஆம்பளை இல்லாத வீட்டுக்கு விலக்கு. உடம்பு முடியாதவன் அடுத்தவனோடு மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவை போகிறவனுக்கு வைத்திலிங்கமே சொல்லிக் கொடுப்பார்: வெள்ளைச் சட்டை போடு, கையைக் கட்டிக்கொள், கதை சொல்லாதே, ஒத்துக்கிறியா என்று கேட்டால் 'ஒத்துக்கிறேங்க ஐயா' என்று மட்டும் சொல், மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பதினாலு வருஷம் ஜீப் காலனிக்குள் வரவில்லை. ஊரே வைத்திலிங்கத்தைக் கும்பிட்டது.

கார்முகில் முதல் தடவை போனது தன் வீட்டு முறைக்கு. இரண்டாவது தடவை சுரங்கத்தில் கூட வேலை செய்யும் காலனிக்காரன் அசோக்குமாருக்காக. அவன் மனைவிக்கு அன்றைக்குப் பிரசவ வலி. மூன்றாவது தடவை சுற்று முடிந்து முறை மறுபடி அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அந்த மூன்றாவதில் ஒரு வேடிக்கை நடந்தது. அவனுக்கு அன்று மத்தியானம் ரெண்டு மணி ஷிப்ட். அதனால் பன்னிரண்டு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கேஸில் எழுதியிருந்தது, அன்றைக்கு இரவு ஏழரை மணிக்கு வடலூர் ரோட்டில் குடித்துவிட்டுத் தகராறு செய்தான் என்று. வராத இரவில் செய்யாத குற்றத்துக்கு உச்சி வெயிலில் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லிச் சொல்லிக் காலனியே சிரித்தது. எழில்மதியும் சிரித்தாள். இப்போது நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

குடி என்றால் கார்முகிலுக்கு ஆகாது. அவன் அம்மா மாரியம்மாள் உயிரோடு இருந்த வரை தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்கக் கைப்பிடித்துக் கூட்டிப்போவாள். கறியும் குடியும் தொடமாட்டேன் என்று அங்கே வைத்து அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கல்யாண வீட்டில்கூட அவனுக்குத் தனியாகத்தான் சாம்பார் ஊற்றுவார்கள். அந்த ஆளைப் போய்க் குடிகாரன் என்று எழுதிவைத்திருக்கிறது ராஜ்ஜியம்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எழில்மதி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, ஊருக்கெல்லாம் நல்லது பண்ணீங்க. ஒங்க புள்ளைக்கு என்னா பண்ணீங்கன்னு தெரியுமா?"

வைத்திலிங்கம் பம்பைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். முகம் கறுத்துப்போயிற்று. "சின்ன கேஸும்மா அது. அபராதத்தோட முடிஞ்சிபோச்சின்னுதான..."

"எங்க முடிஞ்சிது? கம்ப்யூட்டர்ல உக்காந்துகினு இருக்குது!"

"நான் முறை வைக்கலன்னா அடிச்சி இழுத்துகினு போவானுங்கம்மா. நீ அத பாத்ததில்ல."

"அடிச்சிருந்தா அடிச்ச தழும்பாவது இருந்திருக்கும் மாமா! இந்தா பாருங்கன்னு எவங்கிட்டயாவது காட்டியிருக்கலாம். இப்ப என்னா இருக்குது? நானேதான் பண்ணேன்னு நாமளே போட்ட கையெழுத்துதான இருக்குது!"

அவள் கத்தியது பக்கத்து வீடுகளுக்குக் கேட்டது. யாரும் எட்டிப்பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் கையெழுத்துப் போட்டிருந்தான். வைத்திலிங்கம் மறுபடி பம்பைக் கையில் எடுத்தார், ஆனால் காற்றடிக்கவில்லை.

எழில்மதிக்கு டவுன்ஷிப்பில் ரோடு பெருக்கும் காண்ட்ராக்ட். அவள் பெருக்குகிற தெருவில் விஜயகுமாரி என்றொரு அம்மாள், விருதுநகர்ப் பக்கம், சுரங்கத்து டைம் ஆபீஸில் வேலை. கேட்டில் யார் எப்போது உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகும். மறுநாள் காலை அந்த அம்மாள் கோலம் போட வந்தபோது எழில்மதி துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

விஜயகுமாரிக்கு முதலில் புரியவே இல்லை. "செய்யாததுக்கு எதுக்கும்மா ஒத்துக்கிட்டாங்க? இங்க எங்க பிளாக்ல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே."

"ஒங்க பிளாக்ல கேக்கமாட்டாங்க மேடம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு இருவருக்கும் ஒரே விஷயம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. போன சித்திரையில் ஒரு விடிகாலை எழில்மதி பெருக்க வந்தபோது, தெருமுனை விளக்குக் கம்பம் வளைந்து நின்றது. அதன் கீழே சாக்கடையில் ஒரு ஸ்கூட்டர். போலீஸ் ஜீப் ஒன்று இந்த வீட்டு வாசலில் வந்து நின்று, விஜயகுமாரியின் கணவர் நல்லசாமியைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டது. சுரங்கத்தில் பெரிய அதிகாரி. நிற்க முடியவில்லை, சட்டையெல்லாம் வாந்தி. "பாத்து சார், படி இருக்கு சார்" என்றார் ஒரு போலீஸ்காரர். ஸ்கூட்டரையும் அவர்களே தூக்கி நிறுத்தினார்கள். கம்பத்தை மட்டும் இன்னும் யாரும் நிமிர்த்தவில்லை.

விஜயகுமாரி கோலப்பொடிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒன் வீட்டுக்காரரை இன்னைக்கே ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கச் சொல்லு. அவரோட அட்டெண்டன்ஸ், அவரு கேட்டாக் குடுக்கணும்" என்றாள். சொன்னபடியே அன்று சாயங்காலத்துக்குள் முத்திரை போட்ட தாள் கைக்கு வந்தது. மூன்றாவது கேஸில் எழுதியிருந்த அந்த ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி, மத்தியானம் 1.48க்கு கார்முகில் சுரங்கத்துக்குள் போயிருக்கிறான். ராத்திரி 10.12க்கு வெளியே வந்திருக்கிறான். ஏழரை மணிக்கு வடலூர் ரோட்டில் கூச்சல் போட்டவன், அதே நேரத்தில் தரைக்குக் கீழே கரி அள்ளிக்கொண்டிருந்தான் என்று தாள் சொன்னது. முதல் ரெண்டு கேஸும் பழசு, அந்தத் தேதிகளைத் தேட நாள் ஆகும் என்றாள் விஜயகுமாரி.

புதன்கிழமை ஸ்டேஷனில் மனு நாள். எழில்மதி கார்முகிலை அழைத்துக்கொண்டு, தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் சுவரில் 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தாளைக் கையில் வாங்கினார், படித்தார், மேஜைமேல் வைத்தார்.

"கோர்ட்ல ஒத்துக்கிட்டது யாரு?"

"நான்தாங்க சார்" என்றான் கார்முகில்.

"ஒத்துக்கன்னு நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லல சார். அப்ப நீங்க இல்ல."

"இந்த பேப்பர் நெசம்னா நீ கோர்ட்ல பொய் சொல்லியிருக்க. கோர்ட்ல பொய் சொன்னா அதுக்குத் தனியா செக்ஷன் இருக்கு, தெரியுமா? போடவா?"

எழில்மதிக்கு உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. "சார், அவரு பொய்யின்னா எழுதினவங்க என்னா சார்? ராத்திரி நடக்கப்போறத மத்தியானமே எழுதினாங்களே, அவங்களுக்கு என்னா செக்ஷன்?"

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவருகே நின்ற விஜயராஜ் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. "மனுவா எழுதிக் குடும்மா. விசாரிப்போம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. மனுவை வாங்கிக்கொண்டோம் என்று சொல்கிற சீட்டு அது. படித்தோம் என்றோ, செய்வோம் என்றோ அதில் எங்கும் எழுதியிருக்காது. எழில்மதி நாலு நாளைக்கு ஒருதரம் போய்க் கேட்டாள். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், மீட்டிங்கில் இருந்தார், சிதம்பரம் போயிருந்தார். இருபதாவது நாள் வந்தது, போனது. ஒரு வாரம் கழித்துத் திருத்திய லிஸ்ட்டை ஒட்டினார்கள். நாற்பத்தொன்றாவது இடத்தில் வேறு பெயர் இருந்தது. கார்முகில் அதைப் பார்த்துவிட்டு வந்து, சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, ஷிப்டுக்குப் போனான். அவனுக்குக் கோபம் வராததைப் பார்த்து எழில்மதிக்கு இரண்டு பங்காகக் கோபம் வந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலையில் வைத்திலிங்கத்தின் போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார். அன்றைக்கும் கால் தானாக எழுந்து நின்றுவிட்டது. காது மந்தம், ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"வைத்தி, இந்த மாசத்து ரெண்டு பேர் யாரு?" விஜயராஜின் குரல். தன்னைவிட இருபது வயசு மூத்தவரை வைத்தி என்றுதான் கூப்பிடுவார். அதையும் சிரித்துக்கொண்டேதான்.

எழில்மதி அடுப்பை விட்டு வந்து வாசலில் நின்றாள். மாமனாரையே பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததை அவர் பார்த்தாரோ என்னவோ, போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"முறை இல்லீங்க ஐயா."

"என்ன இல்ல?"

"இனிமே நாங்க ஆளு அனுப்பறதில்லீங்க."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "சரி வைத்தி. அப்ப நாங்களே வந்து எடுத்துக்கறோம்."

பதினாலு வருஷம் கழித்து அன்று சாயங்காலம் ஜீப் வந்தது. ரயில்வே கேட் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேரை ஏற்றியது. ஒருவன் அசோக்குமார். ஒருவர் வைத்திலிங்கம். வயசு அறுபத்தாறு. ஏறமாட்டேன் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டவரைச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பை கிழிந்து தொங்கியது, டீ மேலெல்லாம் கொட்டியது. மொபெட்டில் விழுந்தடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன எழில்மதியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நாலு பேரையும் மறுநாள் கோர்ட்டுக்கு வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த வைத்திலிங்கம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நாளைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று எழில்மதி கேட்கவில்லை. அது தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். போனில் வீரமாகப் பேசிவிட்டார். கோர்ட்டில் போய் நின்றதும் பழைய பாடம் வாயில் வந்துவிடும். ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்த வாய் அல்லவா? நாளைக்கு அவரும் ஒப்புக்கொள்வார், கூட இருக்கும் மூன்று பேரும் ஒப்புக்கொள்வார்கள், அடுத்த மாசம் மறுபடி முறை ஆரம்பிக்கும். ஆத்திரத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் அவர் குளித்துவிட்டு, நேற்றைய சட்டையையே எடுத்து மாட்டினார். பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டீக்கறை மார்பில் காய்ந்திருந்தது.

"மாமா, வெள்ளைச் சட்டை பொட்டியில இருக்குது."

"இருக்கட்டும்" என்றார்.

கோர்ட்டில் அன்றைக்குக் கூட்டம். எழில்மதி கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண். மளமளவென்று கேஸ் கட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெட்டி கேஸ் வரிசை வந்ததும் வேகம் இன்னும் கூடியது. வேறு ஸ்டேஷன் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கைகட்டி, ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். மாஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதிய கையும் நிற்கவில்லை, குனிந்த தலையும் நிமிரவில்லை.

"வைத்திலிங்கம்."

போய் நின்றார். கையைக் கட்டவில்லை. விஜயராஜ் பக்கத்தில் கட்டோடு நின்றார். குடித்துவிட்டு, பொதுமக்களுக்கு இடையூறாக, ஆபாசமாகத் திட்டி என்று கிளார்க் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார்.

"ஒத்துக்கிறீங்களா?" மாஜிஸ்ட்ரேட் அடுத்த கட்டைக் கையில் எடுத்தபடியே கேட்டார்.

"இல்லீங்கம்மா."

எடுத்த கட்டு கையிலேயே நின்றது. அவர் அப்போதுதான் நிமிர்ந்து எதிரே நின்ற கிழவரைப் பார்த்தார்.

"நான் குடிக்கலீங்கம்மா" என்றார் வைத்திலிங்கம். குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. "டீக்கடையில டீ குடிச்சிகினு இருந்தேன். சட்டையப் புடிச்சி ஏத்திகினு போனாங்க. இதுவரைக்கும் எங்க காலனியில இருந்து வந்து ஒத்துகினவன் ஒருத்தனும் குடிச்சதில்லீங்க. ஒத்துக்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். மாசம் ரெண்டு பேருன்னு ஸ்டேஷனுக்கு நான்தான் அனுப்பினேன்."

மாஜிஸ்ட்ரேட் விஜயராஜ் பக்கம் திரும்பினார்.

"குடிச்சிருந்தார்ங்கறதுக்கு டாக்டர் சர்டிபிகேட் எங்க?"

விஜயராஜ் கட்டைப் புரட்டினார். இல்லாததை எத்தனை தடவை புரட்டினாலும் வராது. "இல்லீங்கம்மா... எப்பவும் ஒத்துக்குவாங்கன்னு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் எழில்மதி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சாட்சி யாரு?"

கட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை. எல்லா வழக்கிலும் சாட்சி, ஒப்புக்கொண்டவன்தான்.

அடுத்து அசோக்குமார். இல்லீங்கம்மா. அடுத்தவன், இல்லீங்கம்மா. நாலாவது ஆள் சின்னப் பையன், முதல் தடவை. வைத்திலிங்கத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவனும் இல்லீங்கம்மா என்றான். நாலு வழக்குக்கும் போலீஸைச் சாட்சிகளோடு வரச் சொல்லித் தேதி கொடுத்தார்கள். கிழவர் சொன்ன மற்றதை மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டாரா என்பது எழில்மதிக்குத் தெரியவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. நல்ல கேள்விதான் கேட்டார் அந்த அம்மாள். டாக்டர் சர்டிபிகேட் எங்கே? சாட்சி எங்கே? இதே அறையில், இதே மேஜைக்கு முன்னால், அவள் புருஷன் மூன்று தடவை கைகட்டி நின்றானே, அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் ஏன் வாய் வரவில்லை? பதினாலு வருஷமாக மாசம் தவறாமல் ஒரே காலனியிலிருந்து சரியாக இரண்டே குடிகாரர்கள் வருகிறார்களே, இது என்ன கணக்கு என்று ஒரு தலைகூட நிமிர்ந்து பார்க்கவில்லையே? ஆமாம் என்று சொல்ல ஒருவன் கிடைத்துவிட்டால் வேறு எதையும் யாரும் தேட வேண்டியதில்லை. அந்த ஆமாமைத்தான் காலனி வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வெளியே புளியமரத்தடியில் விஜயராஜ் வந்து நின்றார். "என்ன வைத்தி இப்படிப் பண்ணிட்ட? இனிமே மாசம் ரெண்டோட நிக்காது, பாத்துக்க."

"எழுதுங்க ஐயா" என்றார் வைத்திலிங்கம். "எத்தினி வேணா எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் வந்து சாட்சி சொல்லுங்க. அப்பறம் ஒண்ணு. என் பேரு வைத்திலிங்கம்."

மத்தியானம் ரெண்டு மணிக்குச் சுரங்கத்தில் சங்கு ஊதியபோது எழில்மதி கேட் வாசலில் நின்றிருந்தாள். முதல் ஷிப்ட் ஆட்கள் முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார்கள். கார்முகில் அவளைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடிவந்தான்.

"அப்பா என்னா சொன்னாரு?"

"இல்லன்னு சொன்னாரு. நாலு பேரும் இல்லன்னு சொன்னாங்க."

"அதுக்கு அந்தம்மா?"

"சர்டிபிகேட் எங்க, சாட்சி எங்கன்னு போலீஸக் கேட்டாங்க. அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

கார்முகில் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். துண்டை எடுத்தபோது கண்ணைச் சுற்றிக் கரி கரைந்து வழிந்திருந்தது.

"அவ்வளவுதானா?" என்றான். "இல்லன்னு சொல்லியிருந்தா போதுமா?"

இருபது நாளும், லிஸ்ட் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கும் வராத கோபம் அவனுக்கு இப்போது வந்தது. கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை ஓங்கித் தரையில் அடித்தான். மூடி தனியாக ரோட்டில் உருண்டு ஓடியது. ஷிப்ட் முடிந்து போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

எழில்மதி போய் மூடியை எடுத்துவந்து தூக்கில் பொருத்தினாள். நசுங்கியிருந்தது, மூடவில்லை.

"வாங்க" என்றாள். "டைம் ஆபீஸ் நாலு மணி வரைக்கும் இருக்குது. ஒங்களது ரெண்டு தேதி பாக்கி. அசோக்குமாருது இருக்குது. நம்ம காலனியில சுரங்கத்துக்கு வர அத்தன பேரோடதும் இருக்குது. கேஸ்ல எழுதின நேரத்துல யாரு யாரு உள்ள வேலையில இருந்தாங்கன்னு எல்லாருதயும் கேட்டு எழுதிக் குடுப்போம்."